அக்காவின் கேட்டுக்கு ஒரு நாய்

போர்ட் பிளேரின் ஹேடோ ஜெட்டியில் கிரேன் ஒரு வலையைத் தூக்கிக் கப்பலின் விளிம்புக்கு வெளியே திருப்புகிறது. வலைக்குள் வெங்காய மூட்டைகளுக்கு நடுவே இரண்டு மரக்கூண்டுகள். ஒன்றிலிருந்து இடைவிடாத குரைப்பு. மற்றொன்றிலிருந்து ஒரு முனகல்கூட இல்லை. கீழே நாங்கள் எல்லோரும் கழுத்து வலிக்க அண்ணாந்து நிற்கிறோம். அந்தக் காட்சியை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு முதலில் வருவது பெருமை. அதன் பின்னாலேயே வருவது வெட்கம். அப்போது எனக்கு இருபது வயது. சென்னைக்குப் போய் பி.யூ.சி. முடித்துவிட்டுத் தீவுக்குத் திரும்பி, துறைமுக ஸ்டோரில் தற்காலிகக் குமாஸ்தாவாக ஒட்டிக்கொண்டிருந்தேன். கையும் மூளையும் ஒரு நிமிஷம் சும்மா இருக்காது. ஒரு மாதம் ரேடியோவைப் பிரித்தேன், அடுத்த மாதம் புகைப்படம் கழுவுகிறேன் என்று குளியலறையை இருட்டாக்கினேன். அந்த மாதம் நாய். தபாலில் வரவழைத்த ஆங்கிலப் புத்தகம் ஒன்று கையில் இருந்தது. காவல் நாயை எப்படித் தேர்ந்தெடுப்பது, எப்படிப் பழக்குவது என்று படம் போட்டு விளக்கிய புத்தகம். நான்கு அத்தியாயம் படித்திருந்தேன். மிச்சத்தை நாய் வந்ததும் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டிருந்தேன்.

நாய் எனக்கில்லை, அக்காவுக்கு. அக்கா என்னைவிட ஆறு வயது மூத்தவள். பிரசவம் பார்க்கும் நர்ஸ். ஊருக்கு வெளியே சிப்பிகாட் என்ற இடத்தில் அவளுக்கு வேலை. அங்கே அரசாங்கப் பண்ணையைத் தாண்டி, வயல் ஓரத்தில், கால்கள் மேல் நிற்கும் பலகை வீடு ஒன்றை குவார்ட்டர்ஸ் என்று கொடுத்திருந்தார்கள். தகரக் கூரை, முன்னால் ஒரு வராந்தா, வராந்தாவில் ஒரு பெஞ்சு, சுற்றி மூங்கில் வேலி, அதில் ஒரு மரக் கேட். வங்காளி, தெலுங்கு, மலையாளி, ராஞ்சிப் பக்கத்துக் கூலிகள் என்று எல்லா வீட்டுக் குழந்தைகளும் அவள் கையில்தான் விழுந்தன. அவளுக்கு அந்த ஊரும் அந்த வேலையும் அப்படிப் பிடித்திருந்தது. ஆனால் ஒருநாள் அவள் பிரசவத்துக்குப் போயிருந்தபோது யாரோ பின்கதவுத் தாழ்ப்பாளை உடைத்து, டார்ச் லைட்டையும் இரண்டு பாத்திரங்களையும் எடுத்துப் போய்விட்டார்கள். அடுத்த வாரம், அவள் உள்ளே இருக்கும்போதே யாரோ ஜன்னலைப் பிடித்து உலுக்கியிருக்கிறார்கள். அவள் உள்ளேயிருந்து அரிவாளால் ஜன்னல் சட்டத்தில் ஓங்கி ஒரு போடு போட்டதும் ஆள் ஓடிவிட்டான். இதை அவள் சிரித்துக்கொண்டே வீட்டில் சொன்னதுதான் தப்பாகப் போய்விட்டது.

அப்பா ஜெட்டியில் கூலிகளுக்கு மேஸ்திரி. தூத்துக்குடியில் தோணிச் சரக்கு ஏற்றி இறக்கிப் பழகிய ஆள். கிரேன் இரைச்சலுக்கு மேல் கேட்கும் குரல் அவருக்கு. அந்தக் குரலை வீட்டிலும் அவர் குறைத்துப் பேசினதில்லை.

"அரிவாளக் கையில வச்சிக்கிட்டுத் தூங்குத வேலை எம்பொண்ணுக்கு வேண்டாம். எழுதிக் குடுத்துட்டு ஹேடோவுக்கு வந்து சேரு. இங்க ஆஸ்பத்திரியில கேட்டு வாங்கிக்கிடலாம்."

"ஆஸ்பத்திரியில இடம் எங்கப்பா இருக்கு? வேலையை விட்டுட்டு உங்களுக்குக் கஞ்சி காச்சிக்கிட்டு இருக்கணும், அதான?"

"காச்சுனா என்ன, கை தேஞ்சா போவும்?"

இரண்டு நாள் இந்தச் சண்டை நடந்தது. கடைசியில் நான்தான் நடுவில் புகுந்து, நல்ல காவல் நாய் ஒன்று இருந்தால் போதுமே என்றேன். பக்கத்தில் மின்னி பே என்ற இடத்தில் இருந்த காண்ட்ராக்டர் ஒருவர் தன் மரக் கிடங்குக்காகச் சென்னையிலிருந்து இரண்டு அல்சேஷன் நாய்களுக்கு ஏற்பாடு செய்திருந்தார். ஒன்றை எங்களுக்குத் தருவதாகச் சொன்னார். அப்பா யோசித்துவிட்டுக் கெடு வைத்தார். எங்கள் வீட்டில் நாள் கணக்கு கப்பல் கணக்குதான், பதினைந்து நாளுக்கு ஒன்று வரும். "நாய் வந்து இறங்குனதுக்கப்புறம் நாலு கப்பல் பாப்பேன். அதுக்குள்ள அந்த வீட்டுக்குக் காவல்னு ஒண்ணு அமையலன்னா, நாலாவது கப்பலுக்கு மறுநாள் லாரியோட வருவேன். சாமானக் கட்டி வச்சிரு." அக்கா என் பக்கம் திரும்பி, "உன்னய நம்பி இருக்கேம்ல. கெடுத்துராத," என்றாள்.

கெடுத்தேன். எப்படிக் கெடுத்தேன் என்று சொல்வதற்கு முன்னால் எங்கள் குவார்ட்டர்ஸ் பக்கத்து வழக்கம் ஒன்றைச் சொல்லவேண்டும். மெயின்லேண்டிலிருந்து நான்கு நாள் கடலில் ஆடி வந்து இறங்குகிற யாரையும் மூன்று நாளுக்கு யாரும் எடை போடமாட்டார்கள். முக்கியமான எதையும் கேட்கவும் மாட்டார்கள். தரையில் நின்றாலும் அவர்களுக்குத் தரை ஆடும். சோறு இறங்காது. சாதுவானவன் எரிந்து விழுவான், வாயாடி ஊமையாகிவிடுவான். புதிதாக வந்த வாத்தியார் ஒருவர் இறங்கிய அன்றே பள்ளிக்கூடத்துக்குப் போய்ப் பெரிய சாரின் மேஜை மேலேயே வாந்தியெடுத்த கதையை ஹேடோவில் எல்லோரும் சொல்வார்கள். அக்காவைப் பெண் பார்க்க ஒரு மாப்பிள்ளை கப்பலில் வந்தபோதும் அப்படித்தான். மூன்று நாள் அவரைப் பக்கத்து வீட்டில் தூங்கவிட்டு, ரசஞ்சாதம் கொடுத்துத் தேற்றி, நான்காம் நாள்தான் பெண்ணைக் காட்டினார்கள். அக்கா அன்றைக்குத்தான் வேண்டாம் என்றாள். முதல் நாளே சொல்லியிருந்தால் அது கப்பல் செய்த கோளாறு என்று யாரும் காதில் போட்டிருக்க மாட்டார்கள். நான்காம் நாள் சொன்னதால் அப்பாவால் மறுபேச்சுப் பேச முடியவில்லை.

மனிதர்களுக்கு இத்தனை நிதானம் காட்டுகிற ஊரில் பிறந்து வளர்ந்த நான், நாய்களுக்கு மட்டும் மூன்று நிமிஷம்கூடக் கொடுக்கவில்லை. கூண்டுகள் தரையில் இறங்கின. இரண்டுமே ஏறக்குறைய ஒரு வயது. குரைத்தது கறுப்பும் பழுப்புமாக, காது விறைத்து, கூண்டுக் கம்பியைக் கடித்துக்கொண்டிருந்தது. மற்றது கொஞ்சம் கலப்பு போலிருந்தது. காது ஒன்று நிமிர்ந்தும் ஒன்று சாய்ந்தும் இருந்தது. தன் எச்சிலிலேயே தாடையை வைத்துப் படுத்துக் கிடந்தது. புத்தகத்தில் குடைப் பரீட்சை என்று ஒன்று இருந்தது. நாய் எதிர்பாராத நேரத்தில் முகத்துக்கு நேரே குடையை விரித்து, அது என்ன செய்கிறது என்று பார்க்கவேண்டும். நான் ஸ்டோரிலிருந்து பெரிய குடையை எடுத்து வந்து ஜெட்டியின் நடுவில், கூலிகள் வேடிக்கை பார்க்க, இரண்டு கூண்டுக்கும் எதிரே பட்டென்று விரித்தேன். கறுப்பு நாய் மயிர் சிலிர்த்துப் பாய்ந்து பல்லைக் காட்டியது. மற்றது கண்ணை ஒருமுறை திறந்தது, மூடிக்கொண்டது.

"பாத்தியளா!" என்றேன். புத்தகத்தை அசைத்துக் காட்டினேன். கூலிகள் கைதட்டினார்கள்.

அக்கா கூண்டுகளுக்கு அருகில் குந்தி உட்கார்ந்து இரண்டையும் பார்த்துக்கொண்டிருந்தாள். "ஏலே, ரெண்டுக்கும் தரை ஆடுது. மூணு நாள் கழியட்டும். நாய்னா அதுக்குத் தலை சுத்தாதா?"

"மூணு நாள் கழிச்சு வந்தா காண்ட்ராக்டர் நல்லதை எடுத்துக்கிடுவாரு. இது நாய், அக்கா. மாப்பிள்ளை இல்ல."

காண்ட்ராக்டர் ஜீப்பில் சாய்ந்து நின்று சிரித்தார். "முதல்ல பொறுக்குற உரிமை உங்களுக்குத்தான் தம்பி. எனக்கென்ன, கிடக்குறது கிடக்கட்டும். கிடங்குல மரம் நிறையக் கிடக்கு, அதோட இதுவும் ஒரு கட்டை." அப்பாவுக்கும் பல்லைக் காட்டினதுதான் பிடித்திருந்தது. அன்றைக்கே கறுப்பு நாய்க்கு டைகர் என்று பெயர் வைத்து, பண்ணைக்குப் போகிற லாரியில் ஏற்றி சிப்பிகாட் கொண்டுபோய் வேலிக்குள் விட்டோம். என் பெருமைக்கு அளவே இல்லை. டைகர் காகத்தைப் பார்த்துக் குரைத்தது, கொடியில் காயும் சேலையைப் பார்த்துக் குரைத்தது, பஸ் வரும்போதும் குரைத்தது, போன பிறகும் குரைத்தது. "எப்பேர்ப்பட்ட காவல்!" என்றேன் நான். இரண்டு நாள் கழித்து அக்கா கழுவிக்கொண்டிருந்த எனாமல் பேசின் கைதவறி விழுந்து பலகைத் தரையில் உருண்டதாம். டைகர் கட்டிலுக்கு அடியில் புகுந்து, கட்டில் காலைக் கடித்துக்கொண்டு, சாயங்காலம் வரை வெளியே வரவில்லையாம். அதற்குப் பிறகு பேசினைக் கண்டாலே உறுமியதாம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை நான் போனபோது இதைச் சொன்னாள். புத்தகத்தில் இதற்கு விளக்கம் இருக்கும், படித்துவிட்டுச் சொல்கிறேன் என்றேன்.

படிப்பதற்குள் ஆள் வந்துவிட்டான். ஒரு பகல் நேரம். கால்வாய்க்கு அந்தப் பக்கம் இருந்த வங்காளி விவசாயி ஒருவன், மனைவிக்கு வலி கண்டதென்று, வயல் வரப்பில் ஓடிவந்து, ஓடிவந்த வேகத்திலேயே கேட்டைத் தள்ளித் திறந்தான். டைகருக்கு அவன் வேகமும் பயம், அவன் கூச்சலும் பயம். பாய்ந்தது. அவன் வேட்டியில் பாதி அதன் வாயில் போயிற்று. அக்கா வீட்டின் பின்னால் துணி துவைத்துக்கொண்டிருந்தவள், "தீதி! நர்ஸ் தீதி! குத்தா பகடோ!" நாயைப் பிடிங்கக்கா என்று மேலேயிருந்து குரல் வருவதைக் கேட்டு ஓடிவந்து பார்த்தால், அவன் கோழிக்கூட்டின் தகரக் கூரை மேல் நான்கு காலில் நிற்கிறான். கீழே டைகர். கூட்டுக்குள் பதினோரு கோழிகளும் தங்களுக்குத்தான் சாவு வந்ததென்று அலறுகின்றன. அக்கா நாயைக் கட்டி, ஒரு சேலையை மேலே எறிந்து, அவன் அதைச் சுற்றிக்கொண்டு இறங்க, இருவரும் ஓடிப்போய்ச் சேர்ந்தபோது குழந்தையின் தலை தெரிந்துவிட்டிருந்தது. பெண் குழந்தை. தாய்க்கும் பிள்ளைக்கும் ஒரு குறையும் இல்லை. தகப்பன் மட்டும் அக்காவின் பூப்போட்ட சேலையில் இனிப்பு வாங்கக் கடைக்குப் போனான் என்று ஊரே சிரித்தது.

சிரித்த ஊர் அதற்குப் பிறகு வரவில்லை. அதுதான் எனக்கு முதலில் புரியாமல் போயிற்று. அடுத்த பத்து நாளில் இரண்டு பிரசவம், இரண்டுக்கும் அக்காவைக் கூப்பிடவில்லை. ஒருத்தியை லாரியில் போட்டு போர்ட் பிளேருக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். இன்னொருத்திக்குப் பக்கத்து வீட்டுக்காரியே பார்த்திருக்கிறாள். அடுத்த ஞாயிறு நான் போனபோது அக்கா பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். பிரசவப் பை பக்கத்தில் பூட்டியபடி இருந்தது. அக்கா கோபமாக இருந்தால் எனக்குச் சமாளிக்கத் தெரியும். அன்றைக்கு அவள் கோபமாக இல்லை.

"கள்ளனுக்காக ஒரு நாய் கேட்டேன். நீ சனங்களுக்காக ஒரு நாய் கொண்டாந்துட்ட. யாரும் வராத வீட்டுக்கு எதுக்குல நர்சு? அப்பா லாரி கொண்டாரவே வேண்டாம், நானே மூட்டையைத் தூக்கிட்டு வந்துருவேன்."

"இன்னும் ரெண்டு வாரம் பழக்குனா..."

"இதுக்குக் கோவம் இல்லல. இதுக்குப் பயம். நான் தினம் பாக்குதேனே. பிரசவ வீட்டுல கத்துத புருசன் யாரு? பயந்து போனவன். தைரியசாலி பேசாம வெந்நி போட்டுக்கிட்டு இருப்பான். இது கத்துத புருசன். எனக்கு வெந்நி போடுத நாய் வேணும்."

அன்று ராஞ்சிக்காரர்களின் கடையில் டீ குடித்துக்கொண்டே புத்தகத்தின் ஐந்தாவது அத்தியாயத்திலிருந்து படித்தேன். அக்கா சொன்னதையே ஆசிரியர் இரண்டு பக்கத்துக்கு நீட்டி எழுதியிருந்தார். காவல் பழக்கத்துக்கு வேண்டியது சீற்றம் இல்லை, உறுதி. எந்த நாயும் திடுக்கிடும். திடுக்கிட்ட பிறகு என்ன செய்கிறது என்பதைப் பார். ஒளிகிற நாயும் வேண்டாம், வெறிபிடித்துக் கடிக்கிற நாயும் வேண்டாம், இரண்டும் ஒரே நாய்தான். திரும்பி வந்து அது என்ன என்று முகர்ந்து பார்க்கிற நாயை எடு. இதற்கெல்லாம் மேலே, பயணம் செய்து வந்த நாயை ஓய்வெடுக்க விடாமல் ஒருபோதும் சோதிக்காதே என்றும் இருந்தது. ஏழாவது அத்தியாயத்தின் முதல் வரி அது. ஹேடோவில் யாரைக் கேட்டாலும் டீக்கடையிலேயே சொல்லியிருப்பார்கள்.

மறுநாள் லீவு போட்டேன். அக்காவையும் டைகரையும் அழைத்துக்கொண்டு மின்னி பே போனேன். காண்ட்ராக்டர் எங்களைப் பார்த்ததும் கையை விரித்தார். "அந்தக் கட்டையா? அது நாயே இல்லை தம்பி. ராத்திரி எவன் வந்தாலும் முதல்ல எழுந்து உட்காந்து பாக்குது. தெரிஞ்சவன்னா மறுபடி படுத்துக்குது. குரைக்கிறதே ரெண்டு தடவைதான். என் ஆட்களோட உட்காந்து ரொட்டி தின்னுது."

"தெரியாதவன் வந்தா?" என்றாள் அக்கா.

காண்ட்ராக்டர் தலையைச் சொறிந்தார். "தெரியாதவன்னா... எழுந்து போய்ப் பக்கத்துல நிக்குது. அவ்வளவுதான். அவன் போற வரைக்கும் நிக்குது."

அக்கா என்னைப் பார்த்தாள். பிறகு பையிலிருந்து எனாமல் பேசினை எடுத்தாள். அதைச் சிப்பிகாட்டிலிருந்து அவள் சுமந்து வந்ததே எனக்கு அப்போதுதான் தெரியும். அந்த நாய் மரத்தூள் குவியல் மேல் படுத்திருந்தது. கடல் மயக்கம் தெளிந்து, ஒரு சுற்று பெருத்து, கண் பளிச்சென்று இருந்தது. காது மட்டும் அதேபோல் ஒன்று நிமிர்ந்து ஒன்று சாய்ந்து. அக்கா அதன் முதுகுப் பக்கமாக நடந்துபோய் பேசினைக் கருங்கல் மேல் போட்டாள். எனக்கே தூக்கிவாரிப் போட்டது. நாய் துள்ளி இரண்டடி தள்ளி நின்றது. பேசின் சுற்றிச் சுற்றி ஆடி அடங்கும் வரை பார்த்தது. பிறகு நேராக வந்து, முகர்ந்து, ஒரு நக்கு நக்கி, முன்காலால் தட்டி இன்னொருமுறை சத்தம் வருகிறதா என்று சோதித்தது. காண்ட்ராக்டரின் ஜீப்பில் கட்டியிருந்த டைகர் அந்தச் சத்தத்துக்கே ஸீட்டுக்கு அடியில் போய்விட்டிருந்தது.

அடுத்தது என் முறை. தலையில் சாக்கு போட்டு, கையில் கழியோடு, மரக்குவியலுக்குப் பின்னாலிருந்து பதுங்கிப் பதுங்கி வந்தேன். நாய் ஒளியவில்லை, பாயவும் இல்லை. எழுந்தது. எனக்கும் அக்காவுக்கும் நடுவில் வந்து நின்றது. இரண்டு முறை குரைத்தது. நான் கழியை ஓங்கினேன். அது ஒரு அடி முன்னால் வைத்தது. வயிற்றிலிருந்து ஓர் உறுமல் வந்தது பாருங்கள், எனக்குப் புத்தகமெல்லாம் மறந்துபோயிற்று. சாக்கைக் கழற்றி அதன் முன்னால் எறிந்தேன். உடனே அதைக் கவ்வி, வாலை ஆட்டிக்கொண்டு, ஒரே உதறல். அக்கா ஒரு நுனியைப் பிடித்து இழுத்தாள். அதுவும் விடவில்லை, இவளும் விடவில்லை. கடைசியில் அவள், "போதும், குடுல," என்று அதட்டியதும் விட்டுவிட்டு, அடுத்து என்ன என்று அவள் முகத்தைப் பார்த்தது. அக்கா வெயிலில் வியர்த்து, மரத்தூள் அப்பிய முகத்தோடு, சின்னப்பிள்ளை மாதிரிச் சிரித்தாள். "இவன்தான். இவன் வெந்நி போடுவான்." அங்கேயே மணி என்று பெயர் வைத்தாள். காண்ட்ராக்டருக்குத் தன் அதிர்ஷ்டத்தை நம்பமுடியவில்லை. குரைக்கிற நாயைக் கொடுத்துக் கட்டையை வாங்கிப்போகிற பைத்தியங்களை வாசல் வரை வந்து வழியனுப்பினார். டைகர் கிடங்குக்குப் போகவே இல்லை என்பது வேறு கதை. காண்ட்ராக்டர் மனைவியின் கட்டிலடியில் மெத்தை போட்டுக்கொண்டு, இடி இடித்தால் அவர் புடவைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு, மகாராஜாவாக வாழ்ந்தது.

மணிக்கு மூன்று நாள் ஓய்வு கொடுத்தோம். நான்காம் நாள் பழக்கம் ஆரம்பித்தது. என் திட்டம் பன்னிரண்டு பாடம். அக்கா அத்தனையும் அடித்துவிட்டு ஒன்றை மட்டும் வைத்தாள். கேட்டுக்கு வெளியே நின்று நர்ஸ் தீதி, நர்சம்மா என்று அவளைக் கூப்பிடுகிறவர்கள் அவளைத் தேடி வருகிறவர்கள். மணி இரண்டு முறை குரைத்து அவளுக்குச் சொல்லிவிட்டு, ஒதுங்கி, பெஞ்சு வரை வரவிடவேண்டும். கூப்பிடாமல் கேட்டைத் திறக்கிறவனை மணி உள்ளே விடக்கூடாது. கடிக்கவேண்டாம், விடாமல் இருந்தால் போதும். "பிள்ளை பொறக்கப் போவுதுன்னு வாரவன் கூப்பிடாம வருவானா? கள்ளன் கூப்பிட்டுக்கிட்டா வருவான்?" என்றாள்.

கூப்பிட ஆள் வேண்டுமே. கோழிக்கூட்டில் ஏறியவனிடமே அக்கா போய்ப் பேசினாள். அவன் முதலில் கேட்டுக்குப் பத்தடி தூரத்தில் நின்று, "நர்ஸ் தீதி" என்று கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல் கூப்பிட்டான். மணி குரைத்து ஒதுங்கிற்று. பெஞ்சு வரை வந்து உட்கார்ந்தான். மணி வந்து அவன் காலருகே படுத்தது. அவ்வளவுதான், மறுநாளிலிருந்து ஊருக்கு அது ஒரு விளையாட்டாகிவிட்டது. வயலுக்குப் போகிறவர்கள்கூட ஒருமுறை கூப்பிட்டு, உள்ளே வந்து, நாயைத் தடவிவிட்டுப் போனார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் போகும்போது அந்த வங்காளி கையில் சாக்கைச் சுற்றிக்கொண்டு தயாராக நிற்பான். "ஆஜ் சோர் கோன்? மே!" இன்றைக்கும் கள்ளன் நான்தான் என்று அவனுக்கு அப்படி ஒரு சந்தோஷம். கேட்டை ஓசைப்படாமல் திறந்து, விரல் நுனியில் நடந்து, எங்களில் யாரும் செய்யாத நடிப்பெல்லாம் செய்வான். மணி வழியை அடைத்து நிற்கும். அவன் இடப்பக்கம் போனால் அதுவும் இடப்பக்கம், வலப்பக்கம் போனால் வலப்பக்கம். மூன்றாவது கப்பல் வந்த வாரம், பின்வேலியில் யாருடையதோ ஒற்றை ரப்பர் செருப்பு மாட்டிக் கிடந்தது. மணி அதன் கீழே சாவகாசமாகப் படுத்திருந்தது. செருப்பைத் தேடி யாரும் வரவில்லை. அந்த வாரமே அக்காவுக்கு மூன்று பிரசவம்.

அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். செருப்பையும் கொண்டுபோய்க் காட்டினேன். "கடிக்காத நாய் எதுக்குல? செருப்ப விட்டுட்டு ஓடுனவன் நாளைக்குச் செருப்பு இல்லாம வருவான்," என்றார். ரொட்டி தின்று வளர்ந்த நாய் என்பது வேறு அவர் காதுக்கு எட்டியிருந்தது. நாலாவது கப்பல் வந்தது. மறுநாள் காலை லாரி வாசலில் நின்றது. டிரைவருக்குப் பக்கத்தில் அப்பா, அவருக்குப் பக்கத்தில் நான், பின்னால் மூட்டை கட்டக் கயிறும் இரண்டு ஆட்களும். வழி முழுக்க நான் மட்டும் பேசிக்கொண்டே வந்தேன்.

அக்கா வீட்டில் இல்லை. கதவு பூட்டியிருந்தது. வயலுக்கு அந்தப் பக்கம் ஒரு வீட்டு வாசலில் பெண்கள் கூடி நிற்பது தெரிந்தது, அங்கேதான் இருக்கவேண்டும். அப்பா விறுவிறுவென்று நடந்துபோய், சொந்த மகள் வீட்டு கேட் என்ற உரிமையில், திறந்தார். வராந்தாவிலிருந்து மணி இறங்கி வந்தது. நடைபாதையின் நடுவில் நின்றது.

"தள்ளு," என்றார் அப்பா.

மணி தள்ளவில்லை. அப்பா இடப்பக்கம் போனார். மணியும். வலப்பக்கம். மணியும். அப்பா கையை ஓங்கினார். வயிற்றிலிருந்து வரும் அந்த உறுமல் கேட்டது. அப்பா கையை இறக்கி, கேட்டுக்கு வெளியே வந்து, கேட்டைச் சாத்தினார். லாரி ஆட்கள் கயிற்றைப் பார்த்துக்கொண்டார்கள்.

"அப்பா, வெளியவே நின்னு ஒரு தடவ கூப்பிட்டுட்டுத் திறங்க. விட்டுரும்."

"யாரக் கூப்பிட? அவதான் உள்ள இல்லையே."

"நாய்க்காகக் கூப்பிடணும். நர்சம்மான்னு."

"எம்மகள நான் ஏம்ல நர்சம்மாங்கணும்?"

அப்பா வெட்கத்தோடு பாதிக் குரலில் அக்கா பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுப் பார்த்தார். மணி காதைக்கூட அசைக்கவில்லை. அந்தப் பெயரைச் சொல்லி அந்த ஊரில் யாரும் அவளைக் கூப்பிட்டதில்லையே. வெயில் ஏறியது. வயலுக்குப் போகிறவர்கள் ஒவ்வொருவராக நின்று, இந்தப் பெரிய மனிதர் ஏன் வெளியே நிற்கிறார் என்று கவலைப்பட்டார்கள். "பாபுஜி, ஆவாஜ் தோ," ஒரு குரல் கொடுங்கள் என்று ஒருவர் சொன்னார். "புதுசா வந்திருக்கார் போல, விவரம் தெரியல," என்று ஒரு மலையாளிப் பெண் இன்னொருத்தியிடம் இரக்கத்தோடு சொன்னாள். ஒருத்தி தானே கூப்பிட்டு, உள்ளே போய், பெஞ்சில் ஒரு சீப்பு வாழைப்பழத்தை வைத்துவிட்டு, மணியைத் தடவிவிட்டு வெளியே வந்தாள். அப்பா அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். நான் கூப்பிட்டிருக்கலாம். ஒரு நொடியில் முடிந்திருக்கும். வாயை இறுக்கி மூடிக்கொண்டு நின்றேன். என் வாழ்க்கையில் நான் அவ்வளவு நேரம் பேசாமல் இருந்தது அந்த ஒருமுறைதான்.

ஒரு மணி நேரம் இருக்கும். அப்பா துண்டால் கழுத்தைத் துடைத்தார். தொண்டையைச் செருமினார். என்னைப் பார்க்காமல், கேட்டைப் பார்த்து, ஜெட்டியில் கிரேனுக்கு எதிராகக் கூவுகிற அதே குரலில் கூப்பிட்டார்.

"நர்சம்மா!"

மணி இரண்டு முறை குரைத்தது. நகர்ந்து வழிவிட்டது. அந்தக் குரல் வயல் முழுக்கப் பரவிப் போயிருக்கிறது. வயலுக்கு அந்தப் பக்கத்து வீட்டுக்குள்ளிருந்து, கூப்பிட்டது யாரென்று தெரியாமல், அக்காவின் குரல் அவசரமாக வந்தது:

"இந்தா வாரேன்! பெஞ்சுல இருங்க! யாருக்கு வலி? எத்தனை மாசம்?"

லாரி ஆட்கள் கயிற்றுச் சுருளில் முகத்தைப் புதைத்துக்கொண்டார்கள். அப்பா உள்ளே போய், வாழைப்பழத்தை நகர்த்திவிட்டு, பெஞ்சில் உட்கார்ந்தார். மணி அவர் காலருகே படுத்தது. கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தவர் குனிந்து, சாய்ந்திருந்த காதை நிமிர்த்திப் பார்த்தார். விட்டதும் அது மறுபடி சாய்ந்தது. அக்கா கையைத் துடைத்துக்கொண்டே வரப்பில் வேகமாக வந்தவள், லாரியைப் பார்த்ததும் நின்றுவிட்டாள். அவள் முகம் போன போக்கை நான் பார்த்தேன். அப்பா எழுந்திருக்கவில்லை. "என்னட்டி, பிள்ளை என்ன?" என்றார்.

"ஆண்," என்றாள் அக்கா, லாரியையே பார்த்தபடி.

"சரி. வெயில்ல எத்தனை பேரு வந்து இந்தப் பெஞ்சுல உக்காருதாங்க, மேல ஒரு சாய்ப்பு இறக்கக் கூடாதா? லாரியில ஆள் இருக்கு. தகரம் எங்க கெடக்கு சொல்லு."

கயிறு சாய்ப்பு கட்ட உதவிற்று. திரும்பும்போது லாரியில் ஒரு வாழைத்தாரும் இரண்டு பூசணியும் வந்தன.

இதெல்லாம் நடந்து ஏழு வருஷம்தான் ஆகிறது. இப்போது நான் நிரந்தரக் குமாஸ்தா. என் கையில் அதற்குப் பிறகு எத்தனையோ பொழுதுபோக்குகள் வந்து போய்விட்டன, இப்போது மீன்தொட்டி. புத்தகத்தைக் கடைசி அத்தியாயம் வரை முடித்துவிட்டுத்தான் மீன் வாங்கினேன். அக்கா இன்னும் சிப்பிகாட்டில்தான். கோழிக்கூட்டுக்காரனின் மகள் பள்ளிக்கூடம் போகிறாள். மணிக்கு முகவாய் நரைத்துவிட்டது, காதும் மந்தம். சாய்ப்பு நிழலில் பகலெல்லாம் தூங்குகிறது. யார் வேண்டுமானாலும் கேட்டைத் திறந்துகொண்டு போகலாம், அதற்குத் தெரியப்போவதில்லை. ஆனால் யாரும் போவதில்லை. பழக்கம் நாயைவிட ஊருக்குத்தான் நன்றாகப் பதிந்துவிட்டது. போன ஞாயிறு அப்பாவோடு போயிருந்தேன். கையில் பையோடு வெளியே நின்று, தொண்டையைச் செருமி, ஊர் கேட்கக் கூப்பிட்டார். உள்ளேயிருந்து அக்கா, குரல் தெரிந்தும், மாறாமல் கேட்டாள்: "எத்தனை மாசம்?"

"எழுவது வருசம்," என்றார் அப்பா, கேட்டைத் திறந்தபடி.